கண்ணு முன்னாடி கட்டுன பொட்டலம்

உக்காருங்கண்ணே. இந்தச் சீட்டுல யாரும் இல்ல, என் பைதான், இதோ எடுத்துட்டேன். கவுண்டர் திறக்க இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமாம். இப்பதான் அந்த நீலச் சட்டைக்காரர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். பிளேன் லேட்டு. நின்னுக்கிட்டே இருந்தா கால்தான் வலிக்கும், உக்காருங்க.

சார்ஜாதானே? நானும் சார்ஜாதான். பதினோரு வருசம் ஆகுது. செண்ட்ரிங் வேலை, கான்கிரீட்டு ஊத்துறதுக்குப் பலகை அடிக்கிறது. பேரு வீரமலை, ஊரு இலுப்பூர். உங்களுக்கு? அன்னவாசலா! அப்ப பக்கத்துலதான். பாருங்க, இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு திருச்சி ஏர்போர்ட்டுலதான் பாத்துக்கணும்னு இருக்கு.

ஒண்ணு கேக்கட்டுமாண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. உங்க பெட்டியை யாரு கட்டுனது? எனக்காகக் கேக்கலை, கவுண்டர்ல கேப்பாங்க. "உங்க பெட்டியை நீங்களே கட்டுனீங்களா? வேற யாராவது எதாவது குடுத்துவிட்டாங்களா?" இந்த ரெண்டு கேள்விதான். எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? "நானே கட்டுனேன், யாரும் எதுவும் குடுக்கலை." பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி ஒப்பிப்பாங்க. அத்தனையும் பொய். இந்த ஹால்ல இருக்கிற பெட்டியெல்லாம் திறந்து பாருங்க, பாதிக்குப் பாதி அடுத்தவங்க சாமான். மாமியார் குடுத்த முறுக்கு இருக்கும், எதுத்த வீட்டுக்காரி அவ மகனுக்குக் குடுத்த கருவாடு இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு தூக்கிட்டுப் போறவனுக்கே தெரியாது. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு அதுல இருந்துச்சுன்னா குடுத்தவனையா பிடிப்பாங்க? தூக்குனவனைத்தான் பிடிப்பாங்க.

அதனாலதான் சொல்றேன். தெரியாதவங்க குடுத்தா வாங்கக் கூடாது. தெரிஞ்சவங்க குடுத்தாலும் பிரிச்சுப் பாக்காம வாங்கக் கூடாது. அதுலயும் பொம்பளைங்க குடுக்கிறது இருக்கே, அதைக் கட்டாயம் பிரிச்சுப் பாத்துரணும்.

நாங்க தங்கியிருக்கிற கேம்ப்புல அடைக்கலம்னு ஒரு ஆளு இருக்கான். எலக்ட்ரீசியன். உங்க ஊருப் பக்கம்தான், கேள்விப்பட்டிருப்பீங்க. அட, உங்களுக்கு விசாவுக்குச் சொல்லி விட்டதே அவன்தானா? அப்பிடியா. எனக்குத் தெரியாதே. சரி, அப்ப உங்களுக்கே தெரியும் அவன் எப்பிடிப்பட்ட ஆளுன்னு. நான் அவனைப் பத்திக் குறையா ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நல்லவன். நல்லவன்னு நானே சொல்றேன். பாக்கிறதுக்கு ஒண்ணும் பெரிய அழகு இல்ல. முன்பக்கம் வழுக்கை, பல்லு கொஞ்சம் தூக்கல். அதுவும் நான் சொல்லலை, பாத்தவங்க சொல்றது.

எங்க கேம்ப்புல நம்ம புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்க அவனைத் தவிர பதினோரு பேரு. யாரு லீவுல போனாலும் மத்தவங்க சாமானைக் கொண்டு போகணும், அது வழக்கம். வாங்கிக்கிறவன் பாதி நாள் வேண்டாவெறுப்பா வாங்குவான், "எடை ஏறுது, எடை ஏறுது"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். அடைக்கலம் மட்டும் அப்பிடி இல்ல. சிரிச்சுக்கிட்டே வாங்குவான். ஆனா அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. அவன் கண்ணு முன்னாடி கட்டாத சாமானைத் தொடமாட்டான். எல்லாத்தையும் திறந்தபடியே கொண்டாரணும், அவன் கட்டில்ல பரப்பி வைக்கணும், அவனே ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, அவனே மடிச்சு, அவனே கட்டுவான். ஏன்னா கவுண்டர்ல கேக்கும்போது "நானே கட்டுனேன்"னு அவன் நெஜமாச் சொல்லணுமாம். பொய் சொன்னா அவனுக்கு வேர்த்துப் போகுமாம். எங்களுக்கெல்லாம் வேர்க்காத மாதிரி!

அங்கேருந்து போறப்ப சரி. சோப்பு, பாதாம், போர்வை, இதைப் பாத்தா பாத்துட்டுப் போறான். ஊருலேர்ந்து திரும்பி வர்றப்பதாண்ணே சங்கதியே. பதினோரு வீட்டுலயும் அடுப்படியில போயி உக்காருவான்.

நீங்க முன்னாடி குவைத்துல இருந்தவரா, அப்ப உங்களுக்கே தெரியும். கசகசா. நம்ம ஊருல கறிக்குழம்புக்கு அரைக்கிறது. சார்ஜா, துபாய்ல அது குத்தம், போதைச் சாமான்னு பிடிச்சு உள்ள வச்சுருவாங்க. மசாலாப் பொடியில அதைச் சேத்து அரைச்சுட்டா யாருக்குக் கண்ணுல தெரியும்? பொம்பளைங்க ருசிக்காக ஒரு கை போட்டுட்டு, "போடலைண்ணே"ன்னு சொல்லிட்டாங்கன்னா? அதனால அடைக்கலம் என்ன பண்ணுவான்னா, மல்லி மிளகாயை வறுக்கும்போதே வந்துருவான். வந்து உக்காந்து, வறுக்கிறதைப் பாத்து, அப்புறம் மில்லுக்கும் கூடவே போவான். அரைச்சு வந்த பொடியை அவன் முன்னாடியே பையில போட்டு, மெழுகுவத்தியில ஒட்டி, அவனே வாங்கி வச்சுக்குவான். ஒரு வீட்டுக்கு அரை நாள் ஆகும்ணே. அரை நாள்! நான் எங்க வீட்டுல என் பொண்டாட்டி பக்கத்துல அரை நாள் உக்காந்து எத்தனை வருசம் ஆச்சுன்னு நினைக்கிறீங்க?

எங்க வீட்டுல பேரு இலஞ்சியம். போன்ல பேசுனா எங்கிட்ட மூணே பேச்சுதான். "சாப்பிட்டீங்களா? ம். வச்சிரட்டுமா?" அவ்வளவுதான், முடிஞ்சுது. குணமே அப்பிடி, வாய் பேசாத குணம்னு நானும் இருந்துட்டேன். மொதத் தடவை அடைக்கலம் வந்துட்டுப் போன அன்னைக்கு போன் பண்ணுறேன், அரை மணி நேரம் பேசுறாண்ணே! "அடைக்கலம் அண்ணன் வந்தாரு. மிளகாயைக் கையில எடுத்து மோந்து பாத்தாரு. காரம் ஏறுன மிளகா இல்ல, வேற வாங்குங்கன்னாரு. மிக்ஸி ஜார் ஆடிக்கிட்டு இருந்துச்சுல்ல, அதையும் சரி பண்ணிக் குடுத்தாரு. அவரு பேசுறது ஒரே சிரிப்பு." நான் வாங்கிக் குடுத்த மிக்ஸி. ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அண்ணேன்னுதான் கூப்பிடுறா. அதை நான் மறைக்கலை. உங்களையும் நான் அண்ணேன்னுதானே கூப்பிடுறேன். ஆனா அவ கூப்பிடுற அண்ணேயில ஒரு இழுப்பு இருக்குண்ணே. போன்லயே எனக்குத் தெரியும்.

என் மகன் பத்தாவது பாஸானான். ரிசல்ட் வந்தப்ப அடைக்கலம் எங்க வீட்டு அடுப்படியில உக்காந்திருக்கான். நான் முப்பதாவது மாடியில வெயில்ல பலகை அடிச்சுக்கிட்டு இருக்கேன். பையன் அவன் கால்லதான் மொதல்ல விழுந்தானாம். இதைச் சொல்றதும் யாரு? அடைக்கலமேதான். கேம்ப்புக்கு வந்து எல்லாரு முன்னாடியும், "வீரமலை, உம் மவன் தங்கம்டா"ன்னு சொல்றான். எம் மவன் தங்கம்னு அவன் எனக்குச் சொல்றான்!

அதோட விட்டானா? ஒரு நாள் தனியாக் கூப்பிட்டு, "வீரமலை, உன் வீட்டுல இடுப்பு வலியில கஷ்டப்படுது. உங்கிட்ட சொல்லாதுபோல. குனிஞ்சு நிமிர முடியலை. டாக்டரைப் பாக்கச் சொல்லு"ங்கிறான். எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. வயிறு பத்தி எரிஞ்சுதுண்ணே. இடுப்பு வலிக்காக இல்ல. சரி, அதுக்காகவும்தான். ஆனா அவ குனியறதையும் நிமிர்றதையும் அவன் எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கான்? அன்னைக்கே போன் பண்ணி, "இடுப்பு வலியா?"ன்னு கேட்டேன். "யாரு சொன்னா?"ன்னா. "ஏன், நானாக் கண்டுபிடிக்க மாட்டனா?"ன்னேன். சிரிச்சா. அப்புறம் வச்சிரட்டுமான்னா.

இன்னொண்ணு. எனக்குப் பொடி குடுத்து விடும்போது அவனுக்கும் ஒரு பை குடுத்திருக்கா. சுமந்துட்டு வர்றான்ல, குடுக்கட்டும். ரெண்டு பையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். அவன் பொடி என் பொடியைவிடச் சிவப்பா இருந்துச்சுண்ணே. சத்தியமா. ஒரே மில்லு, ஒரே அரைப்புதாண்டான்னு அவன் சொல்றான். எனக்குக் கண்ணு இல்லையா?

இப்பிடியே மூணு வருசம். அவன் லீவுக்குப் போறப்பல்லாம் எனக்கு அங்க சோறு இறங்காது. இப்ப எங்க வீட்டுல இருப்பான், இப்ப மில்லுக்குப் போயிருப்பாங்க, வண்டியிலயா நடந்தான்னு மனசு அதையே சுத்தும். கேம்ப்புல யாருக்கும் அப்பிடி இல்ல. "அடைக்கலம் இருக்கான்டா, கவலையில்ல"ன்னு அவனவன் குறட்டை விட்டுத் தூங்குவான்.

போன வருசம் ஐப்பசியில அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதுக்காக லீவு போட்டான். நான் என்ன பண்ணுனேன், இலஞ்சியத்துக்குன்னு ஒரு போன் வாங்குனேன். பெரிய போன், மூஞ்சி பாத்துப் பேசுறது. கரண்டு இல்லாதப்ப சார்ஜ் ஏத்துறதுக்கு பவர் பேங்க் ஒண்ணு. அப்புறம் ஒரு நைட்டி. ரோஸ் கலர். கடைக்காரன்கிட்ட கேக்கவே கூச்சமா இருந்துச்சு, கையைக் காட்டித்தான் வாங்குனேன். கட்டுன பொண்டாட்டிக்கு ஆசையா ஒண்ணு வாங்கி அனுப்புறதை ஊரான் பரப்பி வச்சுப் பாக்கணுமாண்ணே? நீங்களே சொல்லுங்க. அட்டைப்பெட்டியில வச்சு, மேல "இலஞ்சியத்துக்கு"ன்னு ஒரு தாளு எழுதி வச்சு, சுத்திச் சுத்தி டேப்பு போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன்.

எல்லாரும் இருக்காங்க. அடைக்கலம் கையில வாங்கிப் பாத்தான். "பிரிச்சுக் கொண்டா வீரமலை"ன்னான். "இது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தன், "உள்ள என்னடா, தங்கமா?"ங்கிறான். அடைக்கலம் சிரிக்கலை. மெதுவா, "கோவிச்சுக்காத. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? பிரிக்க மனசில்லன்னா நீ போறப்ப எடுத்துட்டுப் போ"ன்னான். அவ்வளவு பொறுமையாச் சொன்னான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. கத்தியிருந்தா நானும் கத்திட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் காலையில பெட்டியெல்லாம் கட்டி, எடை பாத்து வச்சுட்டு, பூட்டுறதுக்கு முன்னாடி குளிக்கப் போனான். ரூம்ல நான் மட்டும்தான். பெட்டியைத் திறந்தேன், போர்வைக்கு அடியில என் அட்டைப்பெட்டியை வச்சேன். எடை ஏறிடக் கூடாதுல்ல, அவன் ஏர்போர்ட்ல கஷ்டப்படக் கூடாதுல்ல, அதனால ஒரு பால்பவுடர் டின்னை வெளிய எடுத்துட்டேன். யாரோடதுன்னு பாக்கலை. பின்னாடிதான் தெரிஞ்சுது, அவன் வீட்டுக்குன்னு அவன் வாங்குனது. அதை என்ன பண்றது? திருப்பிக் குடுத்தா மாட்டிக்குவேன். டீ போட்டுக் குடிச்சுத் தீத்தேன்.

அப்பிடிப் பாக்காதீங்கண்ணே. அவனுக்குக் கெடுதல் பண்ணணும்னு வைக்கலை. அதுல குத்தமுள்ள சாமான் எதுவும் இல்லையே! பவர் பேங்கைப் பெட்டியில போடக் கூடாதுன்னு எனக்கு அப்ப தெரியாது. பேட்டரி தீப்பிடிச்சுருமாம், கையிலதான் கொண்டுபோகணுமாம். இப்ப தெரியும். உங்ககிட்ட அப்பிடி எதாவது இருந்தா கைப்பையில மாத்திருங்க.

சார்ஜா ஏர்போர்ட்ல அவன் பெட்டி உள்ள போனதும் மிஷின்ல காட்டிருச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பேச்சை மாத்திச் சொல்ல எங்க வேன் டிரைவரையும் உள்ள கூப்பிட்டிருக்காங்க, இதெல்லாம் அவரு எங்கிட்ட மட்டும் வந்து சொன்னது. டப்பாவை வெளிய எடுத்து, "இது யாருது?"ன்னு கேட்டிருக்காங்க. அடைக்கலம், "என்னோடது இல்ல"ன்னுட்டான். "பெட்டியைக் கட்டுனது யாரு?" "நான்தான்." "அப்ப இது எப்பிடி வந்துச்சு?" "தெரியாது." போச்சா? "என்னோடதுதான் சார், மறந்து வச்சுட்டேன்"னு ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா, அந்த பவர் பேங்கை எடுத்து வச்சுக்கிட்டு, போய்யான்னு அனுப்பியிருப்பாங்க. உண்மையைப் பேசுனான், மாட்டிக்கிட்டான். யாருதுன்னே தெரியாத டப்பான்னா விடுவாங்களா? போலீஸ் வந்துருச்சு. ரெண்டு பெட்டியையும் கொட்டி, பதினோரு குடும்பத்துச் சாமானையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்களாம். என் நைட்டியையும் விரிச்சுப் பிடிச்சுப் பாத்திருக்காங்க. அவன் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கான். அவனும் பாத்திருப்பான்ல? பாக்காம எங்க போவான்?

அந்தத் தாளைக் காட்டி என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்களாம். இலஞ்சியத்துக்குன்னு படிச்சுச் சொல்லியிருக்கான். "கூட வேலை பாக்கிறவரு மனைவி. அவரு தவறுதலா வச்சிருப்பாரு, வேணும்னு வச்சதில்ல"ன்னானாம். விட்டுட்டாங்க. ஆனா விடுறதுக்குள்ள பிளேன் போயிருச்சு. மறுநாள் காலையில பத்து மணிக்கு நிச்சயம். இவன் ஊருக்குப் போய்ச் சேந்தது சாயந்தரம். தட்டை அவன் தம்பிதான் மாத்தியிருக்கான். பொண்ணு அழுதுச்சாம்.

அதுக்கு நான் என்னண்ணே பண்ண முடியும்? நானா பிளேனைப் போகச் சொன்னேன்?

கேளுங்க, அதுக்கப்புறம் அவன் பண்ணுனதைக் கேளுங்க. மக நிச்சயத்தைப் பாக்க முடியாத மனுசன், எங்க வீட்டு வாசல்ல போய் நின்னு, "வீரமலை குடுத்து விட்டாரு"ன்னு போனைக் குடுத்துட்டுப் போயிருக்கான். நைட்டியைத் தன் கையால குடுக்கக் கூடாதுன்னு பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து, அவ கையால குடுக்க வச்சிருக்கான். என்னா நாசூக்கு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சுண்ணே. திட்டியிருக்கலாம், தூக்கிப் போட்டு உடைச்சிருக்கலாம். நான் உடைச்சிருப்பேன். இவன் அதுலயும் நல்லவனாத்தான் நிக்கிறான். ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டு வாசல்ல அவன்தான் நல்லவனா நிக்கிறான்.

அன்னைக்கு இலஞ்சியம் போன்ல, "போன் வந்துச்சு"ன்னா. "அவன் என்ன சொன்னான்?"னேன். "ஒண்ணும் சொல்லலை." அப்புறம், "பொண்ணு நிச்சயத்துக்கு அவரு இல்ல, தெரியுமா?"ன்னா. "அப்பிடியா"ன்னேன். "ம்"ன்னா. வச்சுட்டா.

அவளுக்குத் தெரியாது. அது மட்டும் நிச்சயம். அடைக்கலம் சொல்லியிருக்க மாட்டான், அவன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. கேம்ப்புலயே யாருகிட்டயும் சொல்லலை. வந்ததும் ரூமை மட்டும் மாத்திக்கிட்டான். ஏசிக் காத்து ஒத்துக்கலைன்னான். அதுக்கப்புறம் அவன் யாரு சாமானையும் தூக்கிறதில்ல, எந்த வீட்டு அடுப்படியிலயும் போய் உக்காருறதில்ல. மத்தவனெல்லாம் எவன்டா அந்தப் படுபாவின்னு திட்டிக்கிட்டுத் திரியறான். அன்னைக்கு நான் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போனதை எல்லாரும் பாத்தாங்கள்ல, என் மேல சந்தேகம் வரலை, நானும் சேந்து திட்டுவேன்.

எனக்கு நிம்மதிதான். அப்பிடித்தான் நினைச்சேன். இந்தத் தடவை லீவுல வந்தேன், நாப்பது நாள். அந்த போனைத் தொடாம பீரோ மேல டப்பாவோட வச்சிருக்கா. ஏன்னு கேட்டா, "பழசு நல்லாத்தானே இருக்கு"ங்கிறா. நைட்டி எங்கன்னே தெரியலை, கேக்கவும் முடியலை. நேரத்துக்குச் சோறு போட்டா, துணி துவைச்சா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், வந்தா. ஆனா நாப்பது நாள்ல அடைக்கலம்னு ஒரு தடவை அவ வாயில வரலைண்ணே. நானாப் பேச்சை எடுத்தேன். "பொடி யாரு முன்னாடி அரைச்ச?"ன்னேன். "யாரு முன்னாடியும் இல்ல"ன்னா. "முன்னல்லாம் அடைக்கலம் வருவான்ல"ன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா. மனசுல ஒண்ணும் இல்லன்னா பேரு தன்னால வாயில வரும்ல? மூணு வருசம் போனைத் திறந்தா அந்தப் பேருதான். இப்ப ஒரேயடியா இல்லன்னா என்ன அர்த்தம்? சொல்ல முடியாத எதையோ உள்ள வச்சிருக்கான்னுதானே அர்த்தம்?

சரிண்ணே. சுத்தி வளைக்கலை.

நேத்து காலையில பதினோரு மணிக்கு நீங்க எங்க வீட்டுலேர்ந்து வெளிய வந்தீங்க. நான் முடி வெட்டிக்கிட்டு வந்தவன், எதுத்த டீக்கடையில ஒதுங்கிட்டேன். உங்க கையில மஞ்சப் பை இருந்துச்சு. இலஞ்சியம் வாசல் வரைக்கும் வந்து நின்னா. நீங்க திரும்பிப் பாத்துத் தலையாட்டுனீங்க. டீக்கடைக்காரன்தான் சொன்னான், அன்னவாசல் ஆளு, அடைக்கலம் எடுத்துக் குடுத்த விசாவுல நாளைக்குச் சார்ஜா போறாருன்னு. வீட்டுக்குப் போயி, "யாரு வந்துட்டுப் போறது?"ன்னேன். "தண்ணி கேட்டு வந்தாங்க"ன்னா. தண்ணி!

காலையில ஒம்பது மணிலேர்ந்து நான் இந்த ஹால்ல உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்தச் சீட்டையும் உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சேன்.

பயப்படாதீங்க, சண்டைக்கு வரலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்தவங்க சாமான். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நீங்க கொண்டுபோகக் கூடாது. கவுண்டர்ல கேட்டா என்ன சொல்லுவீங்க? இங்கேயே பிரிச்சு ஒரு தடவை பாத்துருவோம். நான் பாத்துட்டு நானே திருப்பிக் கட்டித் தர்றேன். யாருக்கும் தெரியாது.

என்னது? பிரிக்க வேண்டியதில்லையா?

உங்க முன்னாடிதான் கட்டுனாளா.

அடைக்கலம் போன்ல சொல்லியிருந்தானா, கண்ணு முன்னாடி கட்டாததை வாங்காதேன்னு. ஓகோ. அதுக்காக நீங்களும் எங்க அடுப்படியில உக்காந்தீங்க. எவ்வளவு நேரம்? சரி விடுங்க, அதைக் கேக்கலை. உள்ள என்ன இருக்கு?

பொடியா? பொடி மட்டும்தானா? மல்லி மிளகாயெல்லாம் எடுத்துக் காட்டுனாளா? எனக்கும் இந்தத் தடவை பொடி கட்டியிருக்கா. அதே பொடியா, வேறயா? தெரியாதா. சரி. வேற என்ன?

சீட்டா? என்ன சீட்டு?

இலஞ்சியம் எழுதுனதா? அவ எழுதமாட்டாளேண்ணே. கல்யாணமாயி பதினெட்டு வருசத்துல அவ ஒரு வரி எழுதி நான் பாத்ததில்ல. அவனுக்கு எழுதியிருக்காளா? நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல உங்ககிட்ட! என்ன எழுதியிருக்கா? நீங்க பாத்தீங்களா?

படிச்சுக் காட்டுனாளா உங்களுக்கு. எதை வாங்கிட்டுப் போறோம்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொன்னாளா. சரி, சொல்லுங்க. நான் கத்தலை. சொல்லுங்க.

"அடைக்கலம் அண்ணனுக்கு." ம்.

"உங்க பொண்ணு நிச்சயத்துக்கு நீங்க இல்லாமப் போனதுக்கு எங்க வீட்டுக்காரருதான் காரணம்னு எனக்குத் தெரியும்."

தெரியும்னா எழுதியிருக்கா?

எப்பலேர்ந்து தெரியும்? நைட்டி கொண்டுவந்து குடுத்தப்ப அடைக்கலம் பொண்டாட்டி சொல்லிட்டாளா? இருங்க, இருங்க. நாப்பது நாளும் தெரியுமா? சோறு போடும்போதெல்லாம் தெரியுமா? டாக்டர் வீட்டுல என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்திருந்தாளே, அப்பவும் தெரியுமா? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல. நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேட்டிருக்கலாம்ல. என்னைத் திட்டக்கூட அவளுக்கு இஷ்டமில்லையாண்ணே?

சொல்லுங்க. அப்புறம் என்ன?

"அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கிறேன்."

மன்னிப்பும் அவனுக்குத்தான். சரி. அவ்வளவுதானா? இன்னும் ஒரு வரியா?

"அவரு கெட்டவரு இல்லண்ணே. எங்களை விட்டுட்டு ரொம்ப வருசம் தனியா இருந்துட்டாரு."

கவுண்டர் திறந்துட்டாங்கபோல, எல்லாரும் எந்திரிக்கிறாங்க. இருங்கண்ணே, போலாம், எங்க ஓடிப்போகுது. வரிசை நீளமாத்தான் இருக்கு. பையைப் பிரிக்க வேணாம், தொடக்கூட வேணாம், உங்க மடியிலயே இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. கெட்டவரு இல்லன்னா எழுதியிருக்கா? அப்பிடியேவா எழுதியிருக்கா? நீங்களாச் சேத்துச் சொல்லலையே?

மெதுவாச் சொல்லுங்கண்ணே.

அதை எதுக்கு அவன்கிட்ட சொல்றா? எங்கிட்டல்ல சொல்லணும்.